இரவே இல்லாத கோடை: துருவங்களில் சூரியன் மறையாதது ஏன்?

நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், வடதுருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் நி ஆலெசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பு உள்ளது. இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இயங்குவது இங்குதான். ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு இங்கு சூரியன் மறைவதில்லை. அடுத்த சூரிய அஸ்தமனம் ஆகஸ்ட் மாதத்தின் நான்காவது வாரத்தில்தான் நிகழும். இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கும் மேலாக, வானம் தெளிவாக இருந்தால், கடிகாரம் இரவு 12 மணியைக் காட்டும்போதும் வெளியே வெயில் அடித்துக் கொண்டிருக்கும்.

'நள்ளிரவுச் சூரியன்' என்று அழைக்கப்படும் இந்த நிகழ்வு சுற்றுலாப் பயணிகளுக்கு ஓர் அரிய காட்சி. விஞ்ஞானிகளுக்கோ இது ஒரு கணக்கு. இடைவிடாமல் பொழியும் அந்த ஒளியில் எவ்வளவு பங்கைப் பனி திருப்பி அனுப்புகிறது, எவ்வளவு பங்கைக் கடல் உள்வாங்கிக் கொள்கிறது என்பதே அந்தக் கணக்கு. அதன் விளைவு இந்தியப் பருவமழை வரை நீளக்கூடும் என்பதால், இந்தியாவும் அதை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது.

சாய்ந்த அச்சே காரணம்

பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, அது சூரியனைச் சுற்றிவரும் பாதையின் தளத்துக்குச் செங்குத்தாக இல்லை. ஏறத்தாழ 23.4 டிகிரி சாய்ந்துள்ளது. ஓராண்டு காலத்தில் இந்தச் சாய்வின் திசை மாறுவதில்லை. இதனால் பூமி தனது பாதையின் ஒரு பக்கத்தில் இருக்கும்போது வடதுருவம் சூரியனை நோக்கிச் சாய்ந்தும், ஆறு மாதங்கள் கழித்து மறுபக்கத்துக்கு வரும்போது சூரியனிடமிருந்து விலகியும் அமைகிறது. பருவகாலங்கள் மாறுவதற்கும் இதுவே காரணம்.

ஜூன் மாதத்தில் பூமியின் ஒளிபடும் பாதி, வடதுருவத்தையும் கடந்து அதன் மறுபுறம் வரை பரவியிருக்கும். துருவத்தை ஒட்டிய நிலப்பகுதிகள் 24 மணி நேரத்தில் பூமியுடன் சேர்ந்து ஒரு முழுச் சுற்று சுற்றினாலும், ஒளிபடும் பாதியை விட்டு வெளியேறுவதே இல்லை. அதே நாள்களில் தென்துருவப் பகுதி முழுவதும் இருளில் இருக்கும். டிசம்பரில் இந்த நிலை தலைகீழாக மாறுகிறது.

இந்தியாவுக்குள்ளேயே இதன் சிறிய அளவிலான விளைவைக் காணலாம். ஆண்டின் மிக நீண்ட பகல் பொழுது கன்னியாகுமரியில் சுமார் 12 மணி 35 நிமிடங்கள். ஸ்ரீநகரில் அது ஏறத்தாழ 14 மணி 25 நிமிடங்களாக நீள்கிறது. ரஷியாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கிட்டத்தட்ட 19 மணி நேரம். அங்கு சூரியன் சிறிது நேரம் மறைந்தாலும், அடிவானத்துக்கு வெகு கீழே செல்லாததால் அந்தி ஒளி முழுமையாக அடங்குவதில்லை. அந்நகரில் 'வெள்ளை இரவுகள்' என்று குறிப்பிடப்படுபவை இவையே. மேலும் வடக்கே சென்று 66 டிகிரி 34 நிமிடம் என்ற அட்சரேகையை அடையும்போது, ஜூன் 21-ஐ ஒட்டிய நாளில் சூரியன் 24 மணி நேரமும் மறைவதில்லை. இந்தக் கற்பனைக் கோடே ஆர்க்டிக் வட்டம். தென்கோளத்தில் இதற்கு இணையானது அண்டார்டிக் வட்டம்.

இந்தக் கோடு நிலையானதும் அன்று. பூமியின் அச்சுச் சாய்வு மிக மெதுவாகக் குறைந்து வருவதால், ஆர்க்டிக் வட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து வருகிறது.

கோட்டுக்கு வெளியேயும் தெரியும் சூரியன்

ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வரையிலும் நள்ளிரவுச் சூரியனைக் காண முடியும். இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, ஒளிவிலகல். சூரிய ஒளி காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது வளைவதால், அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் சூரியனும் மேலே இருப்பதுபோல் தோன்றுகிறது. இரண்டாவது, சூரியன் ஒரு புள்ளியன்று, ஒரு வட்டு. அந்த வட்டின் மையம் மறைந்த பிறகும் அதன் மேல் விளிம்பு தெரிந்துகொண்டிருக்கும்.

இதே காரணங்களால் துருவங்களுக்குக் கிடைக்கும் பகல் பொழுது, அவற்றின் இரவைவிடச் சற்று நீளமானதாகவே அமைகிறது. 'துருவ இரவு' எனப்படும், சூரியனே தெரியாத குளிர்காலம் ஆர்க்டிக் வட்டத்திலேயே தொடங்கிவிடுவதில்லை. அதற்கு இன்னும் சற்று வடக்கே செல்ல வேண்டும்.

எங்கு, எத்தனை நாள்?

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷியா, கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணம், டென்மார்க்கின் ஆளுகைக்கு உட்பட்ட கிரீன்லாந்து, ஐஸ்லாந்தின் கிரிம்சே தீவு ஆகிய இடங்களை ஆர்க்டிக் வட்டம் தொட்டுச் செல்கிறது. இவற்றில் எவ்வளவு வடக்கே ஓர் ஊர் அமைந்துள்ளதோ, அவ்வளவு நீளமானது அதன் தொடர் பகல்.

வடக்கு நார்வேயின் ட்ரோம்சோ நகரில் மே மாதத்தின் மூன்றாவது வாரம் முதல் ஜூலை மாதத்தின் நான்காவது வாரம் வரை, சுமார் இரண்டு மாதங்கள் சூரியன் மறைவதில்லை. ரஷியாவின் துறைமுக நகரமான மூர்மான்ஸ்க்கிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உத்கியாக்விக் நகரில் மே இரண்டாவது வாரம் தொடங்கும் பகல், ஆகஸ்ட் தொடக்கம் வரை 80 நாள்களுக்கும் மேல் நீடிக்கிறது. கனடாவின் வடகோடிக் குடியிருப்பான அலெர்ட்டில் ஏப்ரல் முதல் வாரம் முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை ஐந்து மாதங்கள் தொடர்ந்து பகல்தான்.

இந்த நாள்களில் சூரியன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வானத்தைச் சுற்றி வட்டமிடுகிறது. நண்பகலில் தெற்கே சற்று உயர்ந்தும், நள்ளிரவில் வடக்கே சற்றுத் தாழ்ந்தும் காணப்படும். ஹிமாத்ரி நிலையம் உள்ள நி ஆலெசுண்டில் ஜூன் 21-ஐ ஒட்டிய நாளில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 34 டிகிரி உயரத்திலும், நள்ளிரவுச் சூரியன் சுமார் 12 டிகிரி உயரத்திலும் இருக்கும்.

ஆண்டுக்கு ஒரே ஓர் உதயம்

துருவப் புள்ளியில் இந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. வடதுருவத்தில் மார்ச் மாதச் சம இரவு நாளை ஒட்டி உதிக்கும் சூரியன், செக்கைச் சுற்றும் மாடுபோல அடிவானத்தை வலம்வந்தபடியே மெல்ல மெல்ல மேலேறுகிறது. ஜூன் 21 வாக்கில் 23.4 டிகிரி என்ற உச்ச உயரத்தை எட்டியபின் அதே வகையில் கீழிறங்கி, செப்டம்பர் மாதச் சம இரவு நாளை ஒட்டி மறைகிறது. ஆண்டுக்கு ஒரே உதயம், ஒரே அஸ்தமனம்.

வடதுருவத்தின் பகல், தென்துருவத்தின் பகலைவிடச் சில நாள்கள் அதிகம். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதால் ஜூலை மாதத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. அப்போது அதன் வேகமும் குறைவு. எனவே மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான சம இரவு இடைவெளி சுமார் 186 நாள்களாகவும், மறுபாதி சுமார் 179 நாள்களாகவும் அமைகிறது.

துருவத்தை யாரும் எட்டிப் பார்த்திராத காலத்திலேயே இந்திய வானியல் அறிஞர்கள் இதைக் கணித்திருந்தனர். கி.பி. 499-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'ஆரியபட்டீயம்' நூலில், மேருவில் வாழும் தேவர்கள் உதித்த சூரியனை அரையாண்டுக் காலம் தொடர்ந்து காண்கின்றனர் என்று ஆரியபட்டர் குறிப்பிட்டுள்ளார். அவரது வானியலில் மேரு என்பது வடதுருவத்தைக் குறிக்கும். மனிதர்களின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்று பஞ்சாங்க மரபில் சொல்லப்படுவதும் இதனுடன் பொருந்துகிறது. எனினும், மரபில் தேவர்களின் பகலாகக் கருதப்படும் உத்தராயணம் தை மாதத்தில் தொடங்குகிறது. வானியல் கணக்குப்படி வடதுருவத்தின் பகல் பங்குனி மாதத்தில்தான் தொடங்கும்.

மறையாத சூரியன் ஒருமுறை வரலாற்றுச் சான்றாகவும் பயன்பட்டது. 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதன்முதலாக அடைந்த நார்வே நாட்டின் ரோல்டு அமுண்ட்சென் குழுவினர், தாங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறோமா என்பதை உறுதிசெய்ய சூரியனின் உயரத்தை இரவு பகலாக மணிக்கணக்கில் அளந்தனர். பகல், இரவு எந்த நேரத்தில் அளந்தாலும் சூரியனின் உயரம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் இடம் துருவம் மட்டுமே.

தெற்கே டிசம்பரில் கோடை

அண்டார்டிகாவில் இந்தியாவுக்கு இரண்டு நிலையங்கள் உள்ளன. 1989 முதல் செயல்பட்டு வரும் 'மைத்ரி', தெற்கு அட்சரேகை 70 டிகிரி 45 நிமிடத்திலும், 2012-இல் செயல்பாட்டுக்கு வந்த 'பாரதி', 69 டிகிரி 24 நிமிடத்திலும் அமைந்துள்ளன. இவ்விரு இடங்களிலும் நவம்பர் மாதத்தின் பிற்பாதியிலிருந்து ஜனவரி மாதத்தின் மூன்றாவது வாரம் வரை சூரியன் மறைவதில்லை. இந்தியாவிலிருந்து செல்லும் கோடைக்காலக் குழுவினர் பணியாற்றுவதும், கப்பல்கள் பொருள்களை இறக்குவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் கால்பதித்த முதல் இந்தியக் குழுவும் அந்தக் கோடையிலேயே அங்கு சென்றது.

தென்துருவப் புள்ளியில் உள்ள அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் உள்ளூர் நேரம் என்ற ஒன்றே கிடையாது. எல்லாத் தீர்க்கரேகைகளும் அங்கு ஒன்றுகூடுவதால், பொருள்கள் வந்து சேரும் வழியான நியூசிலாந்தின் நேரத்தையே அந்த நிலையம் பின்பற்றுகிறது.

இந்தத் தொடர் பகலால் வானியலுக்கும் பயன் கிடைத்துள்ளது. பிற இடங்களில் இரவு குறுக்கிடுவதால் ஒரே தொலைநோக்கியால் சூரியனை நாள்கணக்கில் இடைவிடாமல் நோக்க இயலாது. 1980-களின் தொடக்கத்தை ஒட்டி தென்துருவத்திலிருந்து சுமார் ஐந்து நாள்கள் தொடர்ச்சியாக நடத்தப்பட்ட ஆய்வு, சூரியனின் உள் அதிர்வுகளைத் தெளிவாகப் பதிவு செய்தது. சூரியனின் உட்பகுதியை அதிர்வுகளின் வழியே அறியும் துறை வளர அது உதவியது.

உறக்கத்தைக் குலைக்கும் ஒளி

ஆர்க்டிக் பகுதியில் ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் வசிக்கின்றனர். தொடர் பகலில் அவர்கள் முதலில் எதிர்கொள்வது உறக்கச் சிக்கல். இருள் சூழும்போது மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து, உடலை உறக்கத்துக்குத் தயார் செய்கிறது. கண்ணில் ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பு தாமதமாகிறது அல்லது குறைகிறது. உடலின் உள் கடிகாரம் சற்றுப் பின்தங்கி, உறங்கச் செல்லும் நேரம் தள்ளிப்போகிறது.

இதனால் வடபகுதி வீடுகளில் ஒளி புகாத தடித்த திரைச்சீலைகள் இன்றியமையாதவை. ஆய்வு நிலையங்களில் உணவு, பணி, ஓய்வு ஆகியவற்றுக்கு நேரம் வரையறுக்கப்பட்டு, அந்த ஒழுங்கே இரவு பகலை வகுத்துக் கொடுக்கிறது. வெளியே வெயில் இருந்தாலும் இரவு உணவுக்குப் பின் உறங்கச் செல்ல வேண்டும் என்பதை உடலுக்குப் பழக்கப்படுத்த வேண்டியுள்ளது.

வழிபாட்டிலும் இது கேள்விகளை எழுப்புகிறது. ரமலான் மாதம் கோடையில் வரும் ஆண்டுகளில், சூரியனே மறையாத ஊர்களில் வாழும் முஸ்லிம்கள் நோன்பு திறப்பது எப்போது? மக்காவின் நேரத்தையோ, இரவு பகல் பிரிந்து காணப்படும் அருகிலுள்ள நகரின் நேரத்தையோ பின்பற்றலாம் என மார்க்க அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர்.

அதேநேரம், இந்த ஒளியை மக்கள் தங்களுக்குச் சாதகமாகவும் மாற்றிக் கொண்டுள்ளனர். வடக்கு ஸ்காண்டிநேவியாவின் பழங்குடியினரான சாமி மக்கள், கோடையில் வெப்பமும் பூச்சித்தொல்லையும் குறைந்த இரவு நேரங்களில் தங்கள் பனிமான் கன்றுகளுக்கு அடையாளமிடும் பணியை மேற்கொள்கின்றனர். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருந்தாலும், அங்கு ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்குத் தொடங்கும் பேஸ்பால் ஆட்டம் மின்விளக்கின்றி நடத்தப்படுகிறது. 1906-இல் தொடங்கிய வழக்கம் அது. அதே மாகாணத்தின் பால்மர் பகுதியில், 19 மணி நேரத்துக்கும் மேலான கோடைப் பகலில் விளையும் காய்கறிகள் அளவில் பிரம்மாண்டமானவை. அங்கு நடைபெறும் கண்காட்சியில் 2012-இல் வைக்கப்பட்ட ஒரு முட்டைக்கோஸின் எடை 62 கிலோவைத் தாண்டியது.

நார்வேயின் சொம்மரோய் தீவு கடிகாரத்தையே கைவிட்டு 'நேரமற்ற பகுதி'யாக மாறப்போவதாக 2019 ஜூன் மாதத்தில் உலகம் முழுவதும் செய்திகள் வெளியாயின. அது சுற்றுலாவை ஊக்குவிப்பதற்கான விளம்பர முயற்சி என்பது சில நாள்களில் தெரியவந்தது.

உறங்காத பறவை, நிறம் மாறும் கண்

விலங்குகள் இந்த ஒளிக்கு வெவ்வேறு வகையில் ஈடுகொடுக்கின்றன. ஸ்வால்பார்டின் பனிமான்கள் கோடையில் 24 மணி நேரச் சுழற்சியைப் பெரிதும் கைவிட்டு, பசிக்கும்போது மேய்ந்து, தேவைப்படும்போது படுத்து அசைபோடுகின்றன. பனிமானின் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளி எதிரொளிக்கும் படலம் கோடையில் பொன்னிறமாகவும், இருண்ட குளிர்காலத்தில் நீல நிறமாகவும் மாறுவது 2013-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

அலாஸ்காவில் இனப்பெருக்கம் செய்யும் ஒருவகை உள்ளான் பறவைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், சில ஆண் பறவைகள் 19 நாள் காலத்தில் 95 சதவீத நேரம் விழித்தே இருந்ததைக் கண்டறிந்து 2012-இல் வெளியிட்டனர். மிகக் குறைவாக உறங்கிய ஆண் பறவைகளுக்கே மிக அதிகக் குஞ்சுகள் பிறந்தன. ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவை வடக்கே கோடையைக் கழித்து, தெற்கே அண்டார்டிகாவின் கோடைக்குப் பறந்து செல்கிறது. உலக உயிரினங்களில் ஆண்டொன்றில் மிக அதிகப் பகல் ஒளியைக் காண்பது இந்தப் பறவையே எனக் கருதப்படுகிறது.

நிலநடுக்கோட்டை மிஞ்சும் வெயில்

ஜூன் 21-ஐ ஒட்டிய நாளில், காற்று மண்டலத்தின் உச்சியில் வந்துசேரும் சூரிய ஆற்றலின் நாள் சராசரி வடதுருவத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 520 வாட். நிலநடுக்கோட்டில் அது ஏறத்தாழ 385 வாட் மட்டுமே. அதாவது, அந்த நாளில் உலகிலேயே அதிக சூரிய ஆற்றலைப் பெறும் இடம் வடதுருவம். சூரியன் தாழ்வாக இருந்தாலும் 24 மணி நேரமும் மறையாமல் இருப்பதே இதற்குக் காரணம்.

ஆயினும் நி ஆலெசுண்டில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரைதான். சாய்வாக வரும் ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடக்க நேர்வதும், மேகங்கள் மறைப்பதும் ஒருபுறம். வந்த ஆற்றலில் ஒரு பகுதி பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடுவது மற்றொருபுறம். இவற்றுடன், பனி ஒரு கண்ணாடியைப்போல் செயல்படுவதும் முக்கியக் காரணம். புதுப்பனி மூடிய கடல் பனிக்கட்டி, தன்மீது விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. திறந்த கடல்நீரோ சுமார் 6 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பி, மீதியை உள்வாங்கி வெப்பமடைகிறது.

பனிக்கட்டி உருகினால் கருநிறக் கடல் வெளிப்படும். கடல் அதிக வெப்பத்தை ஏற்கும். அந்த வெப்பம் மேலும் பனியை உருக்கும். சூரியன் மறையாத மாதங்களில் இரவின் குளிர் இந்தச் சுழற்சியை நிறுத்தி வைக்க வாய்ப்பில்லை. செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கிய 1979-க்குப் பின், ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்திருப்பதாக 2022-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. அந்த வேகத்துக்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆர்க்டிக் கடல் பனி ஆண்டுதோறும் செப்டம்பரில் குறைந்தபட்ச அளவை எட்டும். 1981 முதல் 2010 வரையிலான காலத்தில் அதன் சராசரி ஏறத்தாழ 62 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவில் ஒருநாள் அளவாக அதற்கு முன் அவ்வளவு குறைந்ததில்லை.

இந்தியாவின் அக்கறை

ஸ்வால்பார்டு தொடர்பான 1920-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்திலேயே இந்தியா இடம்பெற்றது. 2007-இல் முதல் ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்தை மேற்கொண்ட இந்தியா, 2008 ஜூலை 1 அன்று ஹிமாத்ரி நிலையத்தைத் திறந்தது. 2013-இல் ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் தகுதி பெற்றது. 2014-இல் நி ஆலெசுண்டை ஒட்டிய காங்ஸ்ஃபியார்டன் நீர்ப்பகுதியில் 'இண்டார்க்' என்ற கடலடி ஆய்வுக் கருவித் தொகுதி நிறுவப்பட்டது. 2022 மார்ச் மாதம் மத்திய அரசு ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டது.

தொடக்கத்தில் இந்தியக் குழுக்கள் பெரும்பாலும் வெளிச்சம் நிறைந்த மாதங்களிலேயே ஹிமாத்ரிக்குச் சென்றன. 2023 டிசம்பரில், துருவ இரவின் நடுவே, முதல் குளிர்காலக் குழு அங்கு அனுப்பப்பட்டது. கோடையில் கடல் உள்வாங்கும் வெப்பம் இருளில் என்னவாகிறது என்பதைக் கோடைக்கால அளவீடுகளால் மட்டும் அறிய முடியாது. ஆண்டு முழுவதுமான பதிவுகள் இருந்தால்தான் கணக்கு நிறைவுபெறும்.

கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் பங்கேற்று 2021-இல் வெளியான ஆய்வு, ரஷியாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைக்காலப் பனி குறைவதற்கும், இந்தியாவில் செப்டம்பர் மாதத்தில் பெய்யும் அதிகனமழை நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று குறிப்பிட்டது. வெப்பமடைந்த கடல்பகுதி மேலடுக்குக் காற்றோட்டத்தை மாற்றி, அதன் தாக்கம் ஆசியா வரை பரவக்கூடும் என்பது அந்த ஆய்வின் விளக்கம். இத்தொடர்பு குறித்த ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன.

ஹிமாத்ரியில் ஆகஸ்ட் நான்காவது வாரத்தில் சூரியன் சிறிது நேரம் மறைந்து மீண்டும் உதிக்கும். அதன்பின் ஒவ்வோர் இரவும் நீண்டுகொண்டே சென்று, அக்டோபர் மாதத்தின் நான்காவது வாரத்தில் பகல் முற்றிலும் விடைபெறும். இடையே செப்டம்பர் மாத நடுவில் ஆர்க்டிக் கடல் பனி அந்த ஆண்டின் குறைந்தபட்ச அளவைத் தொடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, மேற்கு ராஜஸ்தானிலிருந்து தென்மேற்குப் பருவமழை வழக்கமாக விலகத் தொடங்கும் நாள் செப்டம்பர் 17.